வளையலைக் கழற்றும் முன்...

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் அம்பத்தூரில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி வடாம் காயும். காக்காய்க்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் பேச்சும் கூடவே காயும். முன்பெல்லாம் அது தண்ணீர்ப் பஞ்சம், பட்டுப் புடவை, நாத்தனார் என்று போகும். இப்போது எல்லாம் நுழைவுத் தேர்வுதான்! "ஆறாம் கிளாஸிலேயே சேர்த்துடணுமாம்," "ஸ்கூலுக்கே போக வேண்டாமாம், அட்டெண்டன்ஸ் அவங்களே பாத்துப்பாங்களாம்," "தெரியாத கேள்வியைத் தொடவே கூடாதாம்"... இந்த 'ஆம்'களை எல்லாம் யார் சொன்னது என்று கேட்டால், "யாரோ சொன்னாங்க" என்று பதில். அந்த யாரோ மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை!

திருமுல்லைவாயிலில் இருக்கும் என் சிநேகிதி போன மாதம் வந்தாள். பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்திருக்கிறது. "அக்கா, ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் கேக்கறாங்க. இந்த ஜோடி வளையலை வெச்சிடலாமான்னு பாக்கறேன்," என்றாள்.

"எந்தப் பரீட்சைக்கும்மா?"

"அதான்க்கா, எண்ட்ரன்ஸு. கிண்டியில கம்ப்யூட்டர் படிக்கணும்னு சொல்லுது. எண்ட்ரன்ஸ் எழுதாம அங்க எப்படிக் கிடைக்கும்?"

கேட்டீர்களா! இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பெண்ணம். இதை நம்பித்தான் பல வீடுகளில் நகை பீரோவைவிட்டு வெளியே போகிறது.

சிநேகிதியைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1984-ல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூ மார்க்கு 200, நுழைவுத் தேர்வு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அவளுடைய அண்ணன் அதை எழுதியவர். அந்த ஞாபகம் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் 2006 கடைசியில் சட்டமன்றம் சட்டம் போட்டு அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. 2007-லிருந்து தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு ப்ளஸ் டூ மார்க்குதான் கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, மொத்தம் 200. ஒரு பெண் கணக்கில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 94 வாங்கினால் 96-ம் 45-ம் 47-ம் சேர்த்து 188. அவ்வளவுதான் சூத்திரம். கிண்டிப் பொறியியல் கல்லூரியும் சரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் சரி, இந்த வழியில்தான்.

அப்படியானால் தேர்வே கிடையாதா? உண்டு, வேறு வாசல்களுக்கு. ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின், அதில் தேறினால் அட்வான்ஸ்டு. திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு மெயின் போதும். அங்கே பாதி இடம் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதத்துக்கு நீட். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக் கழகத்துக்கு கிளாட். நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் சில தங்களுக்கென்று தனித் தேர்வு வைத்துக்கொள்கின்றன. கோவை வேளாண் பல்கலைக் கழகத்தில் பட்டப் படிப்புக்கும், கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கும் ப்ளஸ் டூ மார்க்குதான் பார்த்து வந்திருக்கிறார்கள். ஆகையால் எந்த கோச்சிங் நல்லது என்று விசாரிப்பது அப்புறம். பிள்ளை எந்த வாசலில் நுழையப் போகிறது என்பது முதலில்.

சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் பெண்ணைக் கேட்டிருக்கிறாள். "நான் ஐ.ஐ.டி. கேக்கவே இல்லையேம்மா. நீயாத்தானே சொல்லிட்டிருந்தே?" என்றதாம் அது. வளையல் இன்னும் கையிலேயே இருக்கிறது. ஜே.இ.இ. மெயினையும் ஒரு கை பார்ப்போமே என்று பெண் நினைத்தால் பார்க்கட்டும். ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை எழுதலாம், எது அதிகமோ அதுதான் கணக்கு. ஆனால் அதற்காக வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ப்ளஸ் ஒன்னை ஒப்புக்குப் படித்தால் போதும் என்பது. ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். அதற்குக் கடிவாளம் போடத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025-ல் அரசு அதை எடுத்துவிட்டது. உடனே, "அப்பாடா, இனிமே ப்ளஸ் ஒன் லேசு" என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பொதுத் தேர்வுதான் போனதே தவிர, பாடம் எங்கேயும் போகவில்லை! நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் கேள்விகள் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வருகின்றன. இயற்பியலில் விசை, ஆற்றல், வெப்பம் எல்லாம் பதினோராம் வகுப்பில்தானே! அஸ்திவாரத்தைக் கோட்டை விட்டுவிட்டு மாடி கட்டும் வீட்டை நாம் பார்த்ததில்லையா?

பள்ளிக்கே போகாமல் பெயரை மட்டும் ஓரிடத்தில் பதிந்துவிட்டு முழு நாளும் கோச்சிங்கில் இருப்பதும் இப்போது பூந்தமல்லி வரை வந்துவிட்டது. ஜே.இ.இ.யில் எவ்வளவு நல்ல ரேங்க் வாங்கினாலும், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் சேர ப்ளஸ் டூவில் 75 சதவிகிதம் வேண்டும், அல்லது அந்த போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 65). பள்ளிப் படிப்பைக் கை கழுவுகிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"ப்ளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டால் ஏழரை சதவிகிதத்தில் மெடிக்கல் கிடைத்துவிடும்" என்று ஒரு யோசனை! மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங்குக்கும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்தவர்களுக்கு மட்டும் எட்டாம் வகுப்பு வரை ஒரு விலக்கு உண்டு). அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. அதனால் கடைசி இரண்டு வருஷத்துக்கு மட்டும் பள்ளி மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை.

சரி, படிப்புக்கு வருவோம். "என் பையன் பன்னிரண்டு மணி நேரம் படிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்தால், அதே பக்கத்தை மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருப்பான். மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அதுதான் மோசம்! அமெரிக்காவில் 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடத்தைக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால், மறுபடி வாசித்தவர்களுக்கு 81 சதவிகிதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 75. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். மறுபடி வாசித்தவர்கள் 42, மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் 56! நுழைவுத் தேர்வு ஐந்து நிமிஷத்திலா வருகிறது?

இதில் அம்மாக்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. "நமக்கென்ன தெரியும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள், எட்டாவது வரை படித்தவர், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். பையன் ராத்திரி எட்டரைக்குப் புத்தகத்தை மூடி மெஷின் மேல் வைத்துவிட வேண்டும். அன்றைக்குப் படித்ததைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அவர் பாட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே கேட்பார். "எனக்கு ஒண்ணும் புரியாதுங்க. ஆனா அவன் எங்க முழுங்கறான்னு தெரியும். அங்க நிறுத்துடா, போய்ப் பாத்துட்டு வாடான்னு சொல்லிடுவேன்," என்றார் என்னிடம். ரோடிகரும் கார்ப்பிக்கும் சொன்னதற்கும் இந்த அம்மாள் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? இவருக்குக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான்!

பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பதும் இந்த வகைதான். ஆனால் பல பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதி மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றன. தப்பான கேள்விகளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, அதை வாரத்துக்கு ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் அந்தத் தேர்வு எழுதிய பலன்.

தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்பதற்கு வருகிறேன். பன்னிரண்டு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. 2025 நீட்டில் 180 கேள்வி, 180 நிமிஷம். சரியான விடைக்கு 4 மார்க்கு, தப்புக்கு 1 கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். நாலு விடையில் ஒன்று சரி. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டுக்கும் குறித்தால், சராசரியாக மூன்று சரியாகும். 12 வரும், 9 போகும், மிச்சம் 3. நாலில் ஒரு விடை நிச்சயம் இல்லை என்று தெரிந்தால் நாலு கொட்டை சரி, எட்டு தப்பு. 16-ல் 8 போனால் மிச்சம் 8. இரண்டைத் தள்ள முடிந்தால் ஆறு சரி, ஆறு தப்பு, மிச்சம் 18! சராசரிக் கணக்குதான், ஒரு நாள் அதிர்ஷ்டம் காலை வாரவும் செய்யும். கண்ணை மூடிக் குறிப்பதில் பெரிய லாபமும் இல்லை. ஆனால் இரண்டு விடையைத் தள்ளத் தெரிந்த கேள்வியையும் பயத்தில் விட்டுவருகிற பிள்ளை நல்ல மார்க்கைத் தெருவில் கொட்டிவிட்டு வருகிறது. அந்தப் பயத்தை ஊட்டியது யார்? நாம்தானே, "ஜாக்கிரதை, மைனஸ், மைனஸ்" என்று வாசல் வரை சொல்லி அனுப்புகிறோம்!

நீட்டில் 'பாஸ்' என்றால் சீட் என்று நினைப்பதும் தவறு. 50 பெர்சன்டைல் என்பது பாதி மார்க்கு அல்ல. எழுதியவர்களை மார்க்குப்படி வரிசையில் நிறுத்தினால், பாதிப் பேர் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். 2025-ல் பொதுப் பிரிவுக்கு அந்தக் கோடு 720-க்கு 144-ல் இருந்தது. அரசுக் கல்லூரியில் பொதுப் பிரிவு இடத்துக்கு அதைப்போல் மூன்று பங்குக்கும் மேலே வேண்டியிருந்தது. 'தகுதி' வாங்கிவிட்டதைக் கொண்டாடி, பணம் கட்டிச் சேர்கிற கல்லூரிக்குக் கையெழுத்துப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு வழியில்லை என்பார்கள். நீட்டையும் ஜே.இ.இ. மெயினையும் தமிழிலேயே எழுதலாம் (அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலமும் இந்தியும்தான்). 2018-ல் நீட் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு என்று வழக்காகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மார்க்கு தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதுதான் செல்லும் என்பது விதி. கேள்வித்தாளில் இரண்டு மொழியும் இருப்பதால், தமிழில் படிக்கிற பிள்ளை கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் எழுதிவைத்துப் பழகிக்கொள்ளட்டும். அது போதும்.

இப்போது நம் அடுப்படி சமாசாரம். ஞாபக சக்திக்கு என்று டப்பா டப்பாவாக வாங்குகிறோம். வல்லாரைத் துவையல் நல்லதுதான், ருசியாகவும் இருக்கும். ஆனால் அதைத் தின்று ரேங்க் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. பெண் பிள்ளைகளுக்கு வேறொன்று பார்க்க வேண்டும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. "உக்காந்தா தூங்கறா, சோம்பேறி" என்று திட்டுகிறோமே, அது சோம்பலா, ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருப்பதாலா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் சொல்லிவிடுவார்கள். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, ஜன்னல் வழியே எறிகிறதா என்று கேளுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், முட்டை, ஈரல், எது உங்கள் வீட்டு வழக்கமோ அது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கீரையின் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், அது சேரவிடாது.

தூக்கமும் அப்படித்தான். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பகலில் படித்தது மூளையில் பதிவது ராத்திரித் தூக்கத்தில்தான். பட்டாபிராமிலிருந்து அண்ணா நகர் கோச்சிங்குக்குப் போய்விட்டு ராத்திரி பத்துக்கு வருகிற பிள்ளையை, "நாலு மணிக்கு எழுந்தா மண்டையில ஏறும்" என்று எழுப்பினால் மண்டையில் ஏறுவது வலிதான். எட்டரைக்கே தூங்கின நம் தாத்தா காலத்துப் பழக்கத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? நீட் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்குவது வழக்கம். அந்த நேரத்தில் கண் சொக்கும் பிள்ளையாக இருந்தால், இரண்டு மாதம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வை அதே இரண்டு மணிக்கு எழுதச் சொல்லுங்கள். அன்றைக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று லேசாக. பிரியாணி சாயங்காலத்துக்கு இருக்கட்டும்!

ஒரு வருஷம் வீட்டில் இருந்து மறுபடி எழுதினால் நிச்சயம் கிடைத்துவிடும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிடைத்தவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் படித்த மாதிரியே இன்னொரு வருஷம் படித்தால் மார்க்கு மட்டும் எப்படி மாறும்? எந்தப் பாடத்தில் எத்தனை போயிற்று என்று காகிதத்தில் எழுதிப் பார்த்து, அதில் எது மாறும் என்று பிள்ளையே சொல்லட்டும். பிள்ளைக்கு இஷ்டமா, நமக்கு இஷ்டமா என்பதையும் கேட்டுவிடுங்கள். 2017-ல் அரியலூர்ப் பக்கத்துக் குழுமூர் அனிதா ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய பெண். அந்த வருஷம் நீட்டில் இடம் கிடைக்காமல் போனது. அந்தக் குழந்தையை நாம் இழந்தோம். அதனால்தான் சொல்கிறேன். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால், சிநேகிதர்களிடம் பேசுவதை நிறுத்தினால், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்குப் புத்தகம் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். தனியாக விடாதீர்கள். 104-க்கோ 14416-க்கோ போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அம்மாவே போன் செய்து யோசனை கேட்கலாம்.

கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. நீட் எழுதிய பிள்ளை, "முடிவு வரட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்" என்று காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. 2025-ல் என்ஜினீயரிங் கலந்தாய்வுக்குப் பதிவு மே 7-ல் ஆரம்பித்து ஜூன் 6-ல் முடிந்தது. நீட் முடிவு வந்தது ஜூன் 14-ல்! கணிதமும் படித்த பிள்ளையாக இருந்தால், டாக்டர் கனவு எத்தனை உறுதியாக இருந்தாலும், என்ஜினீயரிங்குக்கும் மனு போட்டு வையுங்கள். கணிதம் எடுக்காதவர்கள் வேளாண்மை, கால்நடை மருத்துவத்துக்கான தேதிகளைப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். மே மாதம் அங்கே நிற்க இடம் இருக்காது. ஏப்ரலிலேயே, வடாம் பிழிவதற்கு முந்தின வாரம், போய்விட்டு வந்துவிடுங்கள். ரேஷன் கார்டிலும் மார்க்குப் பட்டியலிலும் பிள்ளையின் பெயரும் அப்பாவின் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.